மிளகு தேடி வந்தவர்களும் முத்துக் குளித்தவர்களும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

ஐரோப்பிய வரலாற்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மார்ட்டின் லூதர் என்று பெயர்களும் ஆண்டுகளும் கரும்பலகையை நிறைத்தன. என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். "கடலையே பார்க்காத நமக்கு இந்தக் கப்பல் கதையெல்லாம் எதற்கப்பா? தேர்வு முடிந்ததும் மறந்துவிடப் போகிறோம்" என்று மெல்லச் சொன்னார். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு சில நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடியதில் கிடைத்த பதிலே இக்கட்டுரை.

பதிலின் முதற்பகுதி அந்த நண்பரின் வயலிலேயே இருக்கிறது. அவர் வீட்டில் பயிரிடும் தக்காளி, மேட்டு நிலத்து நிலக்கடலை, மரவள்ளிக் கிழங்கு, குழம்புக்கு உறைப்பூட்டும் மிளகாய் ஆகிய எல்லாமே அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1492இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் இவற்றில் ஒன்றையும் நம் முன்னோர் கண்டதில்லை. மிளகு தேடி வந்தவர்களின் கப்பல் வழியே மிளகாய் வந்தது. நாம் அன்றாடம் புழங்கும் சன்னல், அலமாரி, சாவி, மேசை என்னும் சொற்களும் போர்த்துக்கீசியரோடு வந்தவையே. கடல் நம் மாவட்டத்தைத் தொடவில்லை. ஆனால் கடல்வழி வந்தவை நம் அடுப்படி வரை வந்துவிட்டன.

பயிரும் சொல்லும் சண்டையின்றி வந்தன. அதே கப்பலில் வந்த மதம் அப்படி வரவில்லை. அது பற்றி நம்மிடையே இருவகையான பேச்சு உண்டு. "வந்தவர்கள் நம்மைத் திருத்தினார்கள்" என்பது ஒன்று. "ஏமாளி மக்களை ஏய்த்து மாற்றிவிட்டார்கள்" என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒன்றில் ஒத்துப் போகின்றன. நம் மக்களுக்கென்று சொந்த யோசனை எதுவும் இருக்கவில்லை என்று இரண்டுமே கருதுகின்றன. அது சரிதானா என்று காண்போம்.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது

1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். கீழ்நாட்டு மிளகும் பட்டும் ஐரோப்பாவை அடைய அரேபியர், வெனிசு வணிகர் எனப் பல கை மாறியாக வேண்டும். ஒவ்வொரு கையும் விலையை உயர்த்தியது. இடைத்தரகர் இல்லாத கடல்வழியைத் தேடிப் போர்த்துக்கல் முனைந்தது. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார். 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களோடு புறப்பட்ட வாஸ்கோ ட காமா, 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் கோவா போர்த்துக்கீசியர் வசமாயிற்று.

இக்கப்பல்களில் மிளகுக் கணக்கரோடு பாதிரிமாரும் வந்ததற்குக் காரணம் உண்டு. புதிதாகக் காணும் நாடுகளில் சமயம் பரப்பும் பொறுப்பையும், அங்கே ஆயர்களை முன்மொழியும் உரிமையையும் போப்பாண்டவர் போர்த்துக்கல் மன்னருக்கு அளித்திருந்தார். எனவே அரசும் சமயமும் ஒரே பாய்மரத்தின் கீழ் வந்தன.

இதே காலத்தில் ஐரோப்பாவின் சமய ஒற்றுமை உடைந்தது. பாவமன்னிப்புச் சீட்டு விற்பதைக் கண்டித்து, 1517 அக்டோபரில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் 95 கருத்துகளை வெளியிட்டார். அச்சு எந்திரம் அவற்றை நாடெங்கும் கொண்டு சென்றது. 1534இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரிடமிருந்து பிரிந்தார். கத்தோலிக்கத் திருச்சபையும் தன்னைச் சீர்செய்துகொள்ள முற்பட்டது. இக்னேஷியஸ் லயோலா தொடங்கிய இயேசு சபைக்கு 1540இல் ஒப்புதல் கிடைத்தது. 1545 முதல் 1563 வரை கூடிய திரெந்து சங்கம் கோட்பாடுகளை வரையறுத்தது. ஐரோப்பாவில் இழந்ததைக் கீழ்நாடுகளில் ஈடுசெய்யும் ஆர்வமும் அப்போது எழுந்தது. அந்த அலை முதலில் வந்து மோதிய தமிழ்க் கரை முத்துக்குளித் துறையாகும்.

முத்துக்குளித் துறையில்

கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடிக்கு வடக்கே வரை நீளும் கரையில் பரதவர் வாழ்ந்தனர். கொற்கை முத்தின் பெருமையைச் சங்க இலக்கியம் பேசும். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுக்கும் அவர்களது திறமையால் அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் செல்வம் சேர்ந்தது. குளிப்பவருக்குக் கிடைத்ததோ சிறு பங்குதான்.

1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் அக்கரையின் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் பூசல் மூண்டது. அந்த வணிகர்களையும் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களும் பல தலைமுறையாகத் தமிழ்க் கரையில் வாழ்ந்த மாலுமிகளே. போர்த்துக்கீசியரின் வருகையால் அவர்கள் பிழைப்பும் நெருக்கடியில் இருந்தது. பரதவர் ஒருவரது காதணியைக் காதோடு அறுத்த சம்பவத்திலிருந்து பகை பெரிதாயிற்று என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. உள்நாட்டு அரசர்களிடம் முறையிட்டுப் பயன் கிடைக்கும் நிலை இல்லை.

அப்போது ஜோவான் ட குரூஸ் என்ற குதிரை வணிகர் ஒரு வழி சொன்னார். இவர் மலையாளக் கரையைச் சேர்ந்தவர். லிஸ்பன் சென்று கிறித்தவரானவர். கடலில் வலிமை போர்த்துக்கீசியரிடம் இருக்கிறது. அவர்கள் சமயத்தை ஏற்றால் அவர்கள் கப்பற்படை உங்களைக் காக்கும் என்பதே அவரது யோசனை. பரதவரின் பட்டங்கட்டிகள், அதாவது ஊர்த் தலைவர்கள், கூடிப் பேசித் தூதுக்குழு ஒன்றைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். தூதர்கள் அங்கே திருமுழுக்குப் பெற்றனர். 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவராயினர் என்பர். 1538இல் வேதாளை என்ற இடத்தில் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டு மன்னரின் கடற்படையை முறியடித்ததும் முத்துக்கரை போர்த்துக்கீசியர் பாதுகாப்பில் வந்தது.

நண்பர்களே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதலடி எடுத்து வைத்தவர் பாதிரியார் அல்லர். கரையில் இருந்தவர்களே கொச்சிக்குப் படகு ஏறினார்கள். இது உள்ளத்தில் ஒளி பிறந்ததால் நிகழ்ந்த மாற்றமும் அன்று. வாளைக் காட்டி நிகழ்ந்த மாற்றமும் அன்று. தம் தொழிலையும் மானத்தையும் காக்க ஒரு சமுதாயம் கூடி எடுத்த அரசியல் முடிவு. அதனால்தான் திருமுழுக்குப் பெற்றபின் பல ஆண்டுகள் அவர்களுக்கு அச்சமயத்தைப் பற்றி எதுவுமே தெரியாதிருந்தது.

மணியடித்துச் சென்றவர்

அந்தக் குறையைத் தீர்க்க 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்தவர் பிரான்சிஸ் சேவியர். தமிழ் அறிந்த சிலரின் துணையோடு முக்கியமான மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். அப்பிள்ளைகள் பழைய தெய்வ உருவங்களை உடைத்ததை அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். இன்று அதைப் படிக்கையில் நம் மனம் நெருடவே செய்கிறது. 1544இல் வடுகர் படை குமரிக் கரையைச் சூறையாடியபோது, மக்கள் கடற்பாறைகளில் ஏறிப் பசியால் வாடினர். உணவோடு தோணிகளில் புறப்பட்ட சேவியர், எதிர்க்காற்றால் போய்ச்சேர முடியாமல் கரைவழியே நடந்து சென்றார். அந்த மனிதரின் இரு பக்கங்களும் வரலாற்றில் இருக்கின்றன; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

பாதுகாப்புத் தந்த போர்த்துக்கீசிய அதிகாரிகளே கொள்ளைக்காரராக மாறியதையும் சேவியரின் கடிதங்கள் காட்டுகின்றன. அவர்களுடைய பேராசையைக் குறித்து அவர் மன்னருக்கே கடுமையாக எழுதினார். இக்கரையின் வரியிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையைக் கேட்டுப் பெற்று, ஊர்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் உபதேசியார்களுக்குச் சம்பளமாக்கினார் சேவியர். முத்துக் குளித்தவரின் மூச்சு லிஸ்பனில் காலணியாக மாறிக்கொண்டிருந்தது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஓலையிலிருந்து அச்சுக்கு

1547இல் இக்கரைக்கு வந்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் அடிகளார் வேறு வகையானவர். அவர் போர்த்துக்கல் நாட்டில் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பிறப்பின் காரணமாகவே அங்கே ஒரு துறவற சபையில் நீடிக்க முடியாமல் போனவர். சேவியர் சில மன்றாட்டுகளோடு நிறுத்திக்கொண்டார். ஹென்ரிக்ஸோ தமிழை முறையாகக் கற்று, போர்த்துக்கீசியருக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். 1600இல் மறையும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இம்மக்களிடையே வாழ்ந்தார்.

1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் மன்றாட்டு நூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் அது உரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ஹென்ரிக்ஸின் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கம் கொண்ட அச்சிறு நூல்தான் இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586இல் அடியார் வரலாறுகள் அடங்கிய பெருநூல் ஒன்றும் வந்தது.

ஜெர்மனியில் லூதரின் கருத்துகளைப் பரப்பிய அதே அச்சுக்கலை, லூதரை எதிர்த்தவர்களின் கையில் தமிழுக்கு வந்தது. அதற்கான செலவுக்குப் பரதவ மக்களே பொருள் கொடுத்து உதவினார்கள். தமிழ் அச்சின் பிறப்பில் மூச்சடக்கிக் குளித்தவர்களின் உழைப்பும் இருக்கிறது.

பழைய கிறித்தவர்களின் சினம்

இங்கே மலையாளக் கரையையும் சற்றுப் பார்ப்பது பொருந்தும். போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே தோமையார் கிறித்தவர்கள் வாழ்ந்தனர். சிரியாக் மொழியில் வழிபட்டு, மேற்காசியாவிலிருந்து வந்த ஆயர்களை ஏற்றுவந்த அவர்கள், போப்பாண்டவரின் ஆட்சியை அறியாதவர்கள். கோவாவில் 1560 முதல் சமய விசாரணை மன்றம் நடத்திய அதிகாரத்துக்கு இது பொறுக்கவில்லை. 1599இல் கோவா பேராயர் மெனசிஸ் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி, அவர்களது பழைய வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். பழைய சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணை பிறந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புகைந்த சினம் 1653 ஜனவரியில் வெடித்தது. மட்டாஞ்சேரியில் கூடிய மக்கள், சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, இனி இயேசு சபைப் பாதிரிமாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று உறுதிமொழி எடுத்தனர். கூனன் குரிசு சத்தியம் என்று அதனைச் சொல்வர். பிற்பாடு அவர்களில் பலர் உரோமையோடு மீண்டும் இணைந்தனர். மற்றவர்கள் தனிவழி சென்றனர். எதுவாயினும் அவர்களே முடிவு செய்தார்கள்.

நம் பக்கத்துக்கு வந்த துறவி

கடற்கரையில் பெருகிய கிறித்தவம் உள்நாட்டில் ஓரடியும் நகரவில்லை. மதுரையில் ஒரு பாதிரியார் பல ஆண்டுகள் இருந்தும் உள்ளூர் மக்கள் எவரும் சேரவில்லை. காரணம் எளியது. போர்த்துக்கீசியரை மக்கள் 'பறங்கி' என்றனர். மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, குளிக்காதிருப்போர் என்பதே அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள். கிறித்தவராவது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்றே எண்ணினர்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நொபிலி இதனைப் புரிந்துகொண்டார். தாம் பறங்கியர் அல்லர் என்று அறிவித்தார், காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார், தமிழ் உரைநடையில் நூல்கள் இயற்றினார். கோவாவில் அவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. வழக்கு உரோமை வரை சென்று, 1623 ஜனவரியில் பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை வைத்துக்கொள்ளப் போப்பாண்டவர் இசைவளித்தார்.

அதே 1623இல் தெ நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்து, திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை நாமும் சேலம் மாவட்டத்தாரே அல்லவா? லிஸ்பனில் பாய்விரித்த கதை நம் வாயிற்படிக்கு வந்தது இப்படித்தான். இங்கே எந்தக் கப்பற்படையும் அவருக்குத் துணை வரவில்லை. மக்கள் கேட்டு ஒப்பினால் மட்டுமே பேச்சு நடக்கும். ஆயினும் அவர் முறையில் பெருங்குறை ஒன்றிருந்தது. சாதி வேற்றுமையைச் சமுதாய வழக்கம் என்று ஏற்றுக்கொண்டு, உயர்ந்தோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வெவ்வேறு குருமார் என்னும் நிலைக்கு அது வழிவிட்டது. சமத்துவம் பேசும் சமயம் அந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கத்திடம் தோற்றது என்றே சொல்ல வேண்டும்.

டச்சுக்காரர் வந்தபோது

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். இவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க ஸ்பெயினை எதிர்த்து எண்பது ஆண்டுகள் போரிட்டு விடுதலை பெற்றவர்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஐரோப்பாவின் சமயப் போர் முத்துக்குளித் துறைக்கே வந்துவிட்டது.

பாதுகாப்புக்காக மட்டுமே பரதவர் மதம் மாறியிருந்தால் இப்போது என்ன செய்திருப்பார்கள்? புதிய எசமானரின் சபையில் சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் சேரவில்லை. டச்சு அதிகாரம் எட்டாத இடங்களுக்குச் சென்று தம் குருமாரிடம் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குப் பெற்றார்கள். அவர்கள் தம் பழைய நெறியிலேயே ஊன்றி நின்றதை டச்சுப் போதகர் பால்டேயஸ் 1672இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். முத்து எடுக்க ஆள் வேண்டும். ஆட்களைத் திரட்டச் சாதித்தலைவரின் சொல் வேண்டும். எனவே வற்புறுத்துவதைக் கைவிட்டு விட்டுக்கொடுக்க டச்சுக்காரர் கற்றுக்கொண்டனர். டச்சு ஆட்சி நடக்கும்போதே, 1713இல், தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயம் எழுந்தது.

முதல் தலைமுறை பாதுகாப்புக்காக எடுத்த முடிவை, நான்கைந்து தலைமுறை கடந்து பேரப்பிள்ளைகள் பாதுகாப்பை இழந்தும் விடவில்லை. வெளியிலிருந்து வந்தது அதற்குள் அவர்களுடைய சொந்தமாகிவிட்டது.

தரங்கம்பாடியில் கேள்வியும் பதிலும்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனிஷ்காரர் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், லூதரின் நெறியைச் சேர்ந்த ஜெர்மானியர். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் ஆளுநரோடு முரண்பட்டுச் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அச்சாகியது. தமிழ் ஓலைச் சுவடிகளைத் திரட்டி அவற்றுக்கு அட்டவணை செய்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதியனுப்பிய நூலை ஜெர்மனியில் இருந்த பெரியவர்கள் விரும்பவில்லை. 1867இல்தான் அது அச்சேறியது.

சீகன்பால்க்கும் அவர் தோழரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, விடைக் கடிதங்களைத் திரட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அக்கடிதங்களில் நம்மவர்கள் தம் சமயத்தை விளக்கியதோடு நிற்கவில்லை. நல்லது போதிக்கும் கிறித்தவர்கள் இங்கே நடந்துகொள்ளும் விதம் சரியா என்றும் கேட்டார்கள். மாறியவர்களைப் போலவே மாறாதவர்களும் எண்ணிப் பார்த்தே முடிவெடுத்தனர் என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

கொச்சிக்குப் படகேறிய பட்டங்கட்டிகள், மட்டாஞ்சேரியில் கயிறு பற்றியவர்கள், பறங்கியரோடு சேர மறுத்த மதுரை மக்கள், டச்சுக்காரருக்கு இணங்காத தூத்துக்குடியினர், தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதிய அறிஞர்கள் ஆகிய இவர்கள் வெவ்வேறு முடிவுகளை எடுத்தார்கள். ஒருவர் முடிவு நமக்குப் பிடிக்கலாம். மற்றவர் முடிவு பிடிக்காமற் போகலாம். ஆனால் எவரும் ஏமாளியும் அல்லர். எவரும் பிறர் திருத்துவதற்காகக் காத்திருந்த களிமண்ணும் அல்லர். கப்பலில் வந்தவர்களிடம் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது, போப்பாண்டவர் அல்லது மன்னரின் ஆணை இருந்தது. இருந்தும் எதை ஏற்பது, எதை மறுப்பது என்பதைப் பெரிதும் கரையில் நின்றவர்களே தீர்மானித்தார்கள்.

நம் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். வந்ததை வாங்கி, நட்டு, நமதாக்கிக்கொள்வது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். இன்று ஒருவர் வழிபாட்டைச் சுட்டி, "இது உன்னுடையதா, எவனோ கொடுத்ததா?" என்று கேட்போர் இந்தப் பழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் ஒரு குடும்பம் போற்றிக் காத்தது அந்தக் குடும்பத்தின் சொத்தேயாகும்.

இதை எழுதி முடித்து அந்த நண்பரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் எங்கள் வயல் தக்காளியையும் இனிமேல் யாரும் அயல்நாட்டுப் பயிர் என்று சொல்லக் கூடாது" என்றார். அவருக்கு என் பதில் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.